நூற்றிருபது லிட்டரில் காணாமற்போன மூன்று லிட்டர்: ஒரு சானிடைசர் தயாரிப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2020 ஏப்ரலில், ஊரடங்கு தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்த நிலையில், தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரிலுள்ள கல்லூரியின் வேதியியல் துறை, தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசமாக வழங்குவதற்காகச் சானிடைசர் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றது. கடைகளில் சரக்கு இல்லை. மத்திய அரசு அதை அத்தியாவசியப் பொருளாக அறிவித்து, 200 மி.லி. பாட்டிலுக்கு 100 ரூபாய் என்று உச்சவிலை வைத்திருந்த காலம் அது. உரிய அனுமதியுடன் 96 விழுக்காட்டு எத்தில் ஆல்கஹால் 100 லிட்டர் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. குழுவில் ஆசிரியர்கள் இருவர், ஆய்வக உதவியாளர் ஒருவர். ஆசிரியர்களில் கணக்குப் போடும் வேலை இதை எழுதுபவரிடம் இருந்தது.

நாங்கள் பின்பற்றியது உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறை. ஒரு லிட்டர் சானிடைசருக்கு 96 விழுக்காட்டு எத்தனால் 833.3 மி.லி., 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு 41.7 மி.லி., கிளிசரின் 14.5 மி.லி. ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, கொதித்து ஆறிய நீரையோ வாலைவடி நீரையோ ஊற்றிக் கலனின் குறி வரை நிரப்ப வேண்டும் என்பது அதன் சாரம். இறுதிக் கரைசலில் எத்தனால் கன அளவில் 80 விழுக்காடு இருக்கும். 100 லிட்டர் ஆல்கஹாலுக்கு இந்த விகிதத்தில் 120 லிட்டர் சானிடைசர், அதாவது 100 மி.லி. பாட்டில்கள் 1,200. அந்த எண்ணிக்கையைத்தான் மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தோம்.

சிக்கல் கலனில் தொடங்கியது. எங்களிடம் 20 லிட்டருக்குக் குறியிட்ட கலன் எதுவும் இல்லை. விடுதிச் சமையலறையிலிருந்து அரிசி கொட்டி வைக்கும் எவர்சில்வர் டிரம்கள் மூன்றைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தோம். உள்விட்டம் 30 செ.மீ., நேரான சுவர், இறுக்கமான மூடி. குறி இல்லாத டிரம்மில் குறி வரை நிரப்புவது எப்படி என்ற கேள்விக்கு நான் கண்ட விடை கழித்தல் கணக்கு. 20 லிட்டரில் எத்தனால் 16.67, பெராக்சைடு 0.83, கிளிசரின் 0.29 போக மீதி 2.21 லிட்டர் என்று கண்டு, டிரம் ஒன்றுக்கு 2.21 லிட்டர் நீர் ஊற்ற வேண்டும் என்று கரும்பலகையில் எழுதினேன். அங்கிருந்த யாருக்கும் அதில் தவறு தென்படவில்லை.

முதல் மூன்று டிரம்கள்

மாலை ஐந்து மணியளவில், அறை வெப்பநிலை 34 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது, முதல் மூன்று டிரம்களிலும் கலந்தோம். ஆய்வக உதவியாளர் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஆய்வகத்தில் பணிபுரிபவர். யாரும் சொல்லாமலே, கலக்கி முடித்ததும் இரும்பு அளவுகோலை டிரம்மின் அடிவரை இறக்கி நீர்மத்தின் உயரத்தை அளந்து, தம் சட்டைப்பையில் இருக்கும் சிறு நோட்டில் 27.9 செ.மீ. என்று குறித்துக்கொண்டார். டிரம்மின் வெளிப்புறம் தொட்டால் இளஞ்சூடாக இருப்பதையும் அவர்தான் சொன்னார். மறுநாள் காலை மூடியைத் திறந்து, பாட்டிலில் நிரப்பத் தொடங்கும் முன் மறுபடியும் அளந்தார். 27.7 செ.மீ. இருந்தது.

100 மி.லி. அளவுச்சாடியால் அளந்து அளந்து நிரப்பினோம். முதல் டிரம்மில் 195 பாட்டில்கள், இரண்டாவதில் 195, மூன்றாவதில் 194. எதிர்பார்த்தது 600, கிடைத்தது 584. பாட்டில்களைத் திரும்ப எண்ணினோம். அளவுச்சாடியில் கூடுதலாக ஊற்றியிருக்கலாம் என்று நினைத்துப் பத்துப் பாட்டில்களைத் திருப்பிக் கொட்டி அளந்தோம். ஒவ்வொன்றிலும் 100 மி.லி. சரியாகவே இருந்தது. டிரம்மில் ஒழுகல் இல்லை. இறுக மூடிய டிரம்மிலிருந்து ஓரிரவில் அரை லிட்டர் ஆவியாவதும் நம்பத்தக்கதாக இல்லை.

மதுக்கடைகள் எல்லாம் மூடிக்கிடந்த வாரம் அது. ஆல்கஹால் ஒன்றரை லிட்டர் கணக்கில் வரவில்லை என்றால் எந்த ஊகம் முதலில் எழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மாலையில் 27.9 ஆக இருந்த உயரம் காலையில் 27.7 ஆகியிருந்தது அந்த ஊகத்துக்கு வலுச் சேர்த்தது. இரவில் ஆய்வகத்தின் சாவி உதவியாளரிடம் இருந்தது. அளவு குறைந்ததற்கான ஒரே எழுத்துச் சான்று அவரே தம் கைப்பட எழுதிய நோட்டு என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை; எடுத்தவர் அளந்து குறித்து வைத்திருப்பாரா என்று நானும் கேட்கவில்லை.

கல்லூரி முதல்வர் இதை வெளியில் தெரியாமல் முடிக்கவே விரும்பினார். ஆனாலும் ஆல்கஹாலுக்கு இருப்புப் பதிவேடு உண்டு, அதில் கணக்குக் காட்டியாக வேண்டும் என்பதால், உதவியாளரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கும்படி துறைக்குச் சொன்னார். அவரை அழைத்துச் சொன்னபோது, “சாயங்காலம் இருந்த அளவு காலையில இல்லைங்கிறது நெசந்தான் சார். ஆனா நான் தொடல. எழுதிக் கேட்டா எழுதிக் கொடுக்கிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு மூடிகளைத் துடைக்கப் போய்விட்டார்.

பூட்டும் காகிதப் பட்டையும்

மீதி 50 லிட்டர் ஆல்கஹாலைக் கலப்பதற்கு முன் குழு கூடிப் பேசியது. கணக்கைச் சரிபார்ப்பதா, காவலை இறுக்குவதா என்று இரண்டு வழிகள் இருந்தன. நாங்கள் காவலைத் தேர்ந்தெடுத்தோம். அதற்குச் சொல்லப்பட்ட காரணம், செய்முறை உலக சுகாதார நிறுவனத்துடையது, அதில் தவறிருக்க முடியாது என்பது. செய்முறையில் தவறில்லை என்பது உண்மைதான். நாங்கள் செய்தது அந்தச் செய்முறையே அல்ல என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் மாலை அதே 2.21 லிட்டர் நீருடன் மூன்று டிரம்கள் கலக்கப்பட்டன. மூடியின் விளிம்பில் காகிதப் பட்டை ஒட்டி ஆசிரியர் இருவரும் கையெழுத்திட்டோம். ஆய்வகம் பூட்டப்பட்டுச் சாவி முதல்வரின் வீட்டுக்குப் போனது. காலையில் பட்டை கிழியாமல் இருந்ததை மூவரும் பார்த்த பின்பே திறந்தோம். கிடைத்த பாட்டில்கள் 195, 194, 195. மொத்தம் மறுபடியும் 584.

ஆக ஆறு டிரம்களில் 1,168 பாட்டில்கள், 32 குறைவு, மூன்றே கால் லிட்டருக்குச் சற்றுக் குறைந்த அளவு. திருடர் என்று ஒருவர் இருந்திருந்தால், அவர் ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் ஐந்தாறு பாட்டில் அளவை மட்டும் கூட்டாமல் குறைக்காமல், காகிதப் பட்டைக்குள் புகுந்தும் எடுத்திருக்க வேண்டும். இப்படி மாறாமல் வரும் குறைவு கணக்கிலிருந்துதான் வர முடியும். ஆளைச் சோதிக்க நாங்கள் செய்த ஏற்பாடு, எங்களை அறியாமலே ஒரு கட்டுப்பாட்டுச் சோதனையாகிவிட்டது.

அளவுச்சாடியில் நடந்தது

அன்று பிற்பகலே, குளிரூட்டிய கருவியறையில், ஒரு லிட்டர் அளவுச்சாடியில் அதே விகிதத்தைச் செய்து பார்த்தோம். எத்தனால், பெராக்சைடு, கிளிசரின், கரும்பலகைக் கணக்குப்படி 110.5 மி.லி. நீர் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து எடைபோட்டுக் குறித்துக்கொண்டு சாடியில் சேர்த்தோம். சேர்க்கும்போது நீர்மத்துக்குள் கண்ணாடிக் கீற்றுப் போன்ற நெளிவுகள் ஓடின. பின்பு சிறு சிறு குமிழிகள் மேலெழுந்தன. சாடியின் வாயை அடைத்து நன்கு கலக்கி, சூடு தணியும்வரை காத்திருந்தோம்.

எடை, சேர்த்த எடைகளின் கூட்டுத்தொகையிலிருந்து ஒரு கிராமுக்குள் ஒத்து நின்றது. கன அளவு 1,000 கோட்டைத் தொடவில்லை. 980 கோட்டுக்குச் சற்று மேலே நின்றது. உதவியாளர் குனிந்து, கண்ணை நீர்மத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நிமிர்ந்தார்.

பிறகு குறி வரை நிரப்பினோம். ஏறத்தாழ 18 மி.லி. இடைவெளியை நிரப்ப ஏறத்தாழ 20 மி.லி. நீர் தேவைப்பட்டது. கூடுதலாக ஊற்றிய நீரும் தன் முழு அளவுக்கு இடம் பிடிக்கவில்லை. முழு நிகழ்வையும் இந்த ஒரு காட்சிக்குள் காணலாம்.

ஏன் குறைகிறது, எவ்வளவு குறையும்

எத்தனாலும் நீரும் கலந்தால் கன அளவு குறையும் என்பது பள்ளிப் பாடம். 50 மி.லி. நீருடன் 50 மி.லி. எத்தனாலைச் சேர்த்தால் ஏறக்குறைய 96 மி.லி. கிடைக்கும் என்பதை நான் எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். சொன்ன கையே 2.21 என்று எழுதியது. பாடத்தில் அது ஒரு வியப்பாக நின்றுவிட்டது. கணக்குப் போடும்போது கைக்கு வரவில்லை.

வகுப்பில் இதை விளக்கக் கொண்டைக்கடலையும் கடுகும் கலந்து காட்டுவது வழக்கம்: கடலையின் இடுக்குகளில் கடுகு புகுந்துகொள்வதால் மொத்த அளவு குறைகிறது. அந்த உவமையை நான் இப்போது பயன்படுத்துவதில்லை. அது சரியென்றால் எந்த இரு நீர்மங்களைக் கலந்தாலும் சுருக்கமே வர வேண்டும்; ஆனால் பென்சீனும் சைக்ளோஹெக்சேனும் கலந்தால் கன அளவு கூடுகிறது. மூலக்கூறுகள் தம் இனத்தோடு கொள்ளும் ஈர்ப்பும் மற்றதோடு கொள்ளும் ஈர்ப்பும் எப்படி மாறுகின்றன என்பதும் சேர்ந்தே சுருக்கத்தையோ விரிவையோ தீர்மானிக்கிறது. நீரில் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஆன திறந்த அமைப்பு இருக்கிறது. எத்தனால் சேரும்போது அந்த அமைப்பு மாறி மூலக்கூறுகள் முன்னிலும் நெருக்கமாக அடங்குகின்றன, கூடவே வெப்பமும் வெளிப்படுகிறது. டிரம்மின் இளஞ்சூடு அதுவே.

முன்கூட்டிக் கணிக்க வேதியியலார் பயன்படுத்தும் கருத்து பகுதி மோலார் கன அளவு, அதாவது ஒரு மோல் பொருளைச் சேர்க்கும்போது கரைசலின் மொத்த அளவு எவ்வளவு உயர்கிறது என்பது. தூய நீரில் ஒரு மோல் நீர், அதாவது 18 கிராம், ஏறத்தாழ 18 மி.லி. இடம் கொள்ளும். அதே 18 கிராமை ஏராளமான தூய எத்தனாலில் ஊற்றினால் மொத்த அளவு ஏறத்தாழ 14 மி.லி. மட்டுமே உயரும். எங்கள் கலவையின் செறிவில் அது இந்த இரண்டுக்கும் நடுவே, தூய நீரின் மதிப்புக்குச் சற்று நெருக்கமாக இருக்கும். சாடியில் 20 ஊற்றி 18 உயர்ந்ததன் பொருள் இதுதான். ஒரு பொருள் கரைசலில் எவ்வளவு இடம் கொள்ளும் என்பது அந்தப் பொருளை மட்டும் பொறுத்ததன்று. அது எதில் போய்ச் சேர்கிறது என்பதையும் பொறுத்தது. மெக்னீசியம் சல்ஃபேட்டை மிகுந்த நீரில் சிறிதளவு கரைத்தால் மொத்தக் கன அளவு சற்றுக் குறையக்கூடச் செய்யும். உப்பைப் போட்டபின் பாத்திரத்தில் இடம் கூடுவது போன்ற நிலை அது.

நடைமுறையில் இந்த நுணுக்கத்துக்குள் போகாமலே விடை காணும் வழி எடையும் அடர்த்தி அட்டவணையும். கன அளவுகள் கூட்டலுக்குக் கட்டுப்படாவிட்டாலும் எடைகள் கட்டுப்படும். 20 டிகிரியில் 80 விழுக்காட்டு எத்தனால் ஒரு லிட்டர் 859.3 கிராம் இருக்கும். 96 விழுக்காட்டு எத்தனால் 833.3 மி.லி. 672.8 கிராம். வேறுபாடு 186.5 கிராம், அது 187 மி.லி. நீர். கழித்தல் கணக்கு சொல்வதோ 166.7 மி.லி. தான். கிளிசரினையும் பெராக்சைடையும் தோராயமாக நீரோடு சேர்த்துக் கொண்டால், லிட்டருக்கு 20 மி.லி. நீரை நாங்கள் குறைத்து ஊற்றியிருந்தோம். அந்தக் குறைவுடன் கிடைக்கும் அளவு 981 மி.லி. என்றும் செறிவு 81.5 விழுக்காடு என்றும் அதே அட்டவணை சொல்லிவிடும். கலப்பதற்கு முன்பே பத்து நிமிடத்தில் போட்டிருக்கக்கூடிய கணக்கு இது. 1865-இல், தனிம அட்டவணையால் அறியப்படும் மெண்டலீவ் தம் முனைவர் ஆய்வேட்டை எழுதியதே ஆல்கஹால், நீர்க் கலவையைப் பற்றித்தான். வோட்காவுக்கு 40 விழுக்காடு என்று நிர்ணயித்தவர் அவரே என்று பரவியிருக்கும் கதைக்குத்தான் ஆதாரம் இல்லை.

மீதி ஒரு பாட்டில்

சுருக்கம் மட்டும் எல்லாக் குறைவையும் விளக்கவில்லை. டிரம் ஒன்றுக்கு ஏறத்தாழ 370 மி.லி., அதாவது நான்கு பாட்டிலுக்குச் சற்றுக் குறைவாக, அதனால் போனது. நோட்டில் இருந்த 27.9, 27.7 என்ற எண்கள் இன்னொன்றைச் சொல்லின. இந்தச் செறிவில் எத்தனால் கரைசல் டிகிரிக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். கலந்த சூட்டில் 36 டிகிரியைத் தாண்டியிருந்த நீர்மம் விடியற்காலையில் 29-க்கு இறங்கியபோது 20 லிட்டரில் 150 மி.லி. வரை சுருங்கியிருக்கும். 30 செ.மீ. விட்டமுள்ள டிரம்மில் அது இரண்டு மி.மீ. உயரம். உதவியாளரின் அளவுகோல் பிழைபடவில்லை. இரவில் டிரம்மைத் தொட்டது குளிர் ஒன்றே. ஆல்கஹாலை அளந்தது 34 டிகிரியில், பாட்டிலில் நிரப்பியது 29 டிகிரியில் என்பதால், அந்த வகையில் டிரம்முக்கு ஒரு பாட்டில் அளவு நிகரக் குறைவு. மிச்சம் டிரம்மின் அடியிலும் புனலிலும் ஒட்டிக்கொண்டது.

பதிவேட்டுக்கு வேண்டியது வேறொரு கணக்கு. வந்த ஆல்கஹால் 100 லிட்டரில் 96 விழுக்காடு, அதாவது தூய எத்தனால் 96 லிட்டர். கிடைத்த சானிடைசரை, ஒட்டிய மிச்சத்தையும் சேர்த்து, ஆல்கஹாலை அளந்த அதே வெப்பநிலைக்கு மாற்றினால் 117.8 லிட்டர், அதை 81.5 விழுக்காட்டால் பெருக்கினால் மறுபடியும் 96 லிட்டர். ஒரு துளி ஆல்கஹாலும் எங்கும் போகவில்லை. குறைந்தது கன அளவு. அதைப் பொருளின் குறைவென்று நாங்கள் படித்துக்கொண்டோம்.

எடுத்த முடிவுகளும் விளைவும்

ஆல்கஹால் மீட்டரைப் பாட்டில் ஒன்றில் இட்டபோது முதலில் 84-க்கு மேல் காட்டியது. அது நீர்மத்தின் அடர்த்தியைக் கொண்டு செறிவைக் காட்டும், 20 டிகிரிக்கு அளவிடப்பட்ட கருவி. அறையின் சூட்டுக்குத் திருத்தம் செய்து, கிளிசரின் அடர்த்தியைக் கூட்டுவதால் மீட்டர் சற்றுக் குறைத்துக் காட்டும் என்பதையும் கணக்கில் கொண்டால், செறிவு 80-க்கும் 82-க்கும் இடையே அமைந்தது. உலக சுகாதார நிறுவனம் 75 முதல் 85 விழுக்காடு வரை ஏற்பதால், பாட்டில்களைப் பிரித்து நீர் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். 1,168 பாட்டில்களைத் திறந்து மூடுவதில் வரக்கூடிய தூய்மைக்கேடு, ஒன்றரை விழுக்காட்டுச் செறிவு வேறுபாட்டைவிடப் பெரிய தீங்கு என்பது காரணம். 72 மணி நேரம் ஒதுக்கி வைத்தபின் அப்படியே அனுப்பினோம். 32 பாட்டில்கள் குறைவு என்பதையும் காரணத்தையும் ஒரு பக்கக் கடிதத்தில் நிர்வாகத்துக்கு எழுதினோம். அதன்மேல் கேள்வி எதுவும் வரவில்லை.

இருப்புப் பதிவேட்டில் தூய எத்தனால் கணக்கை எழுதி முதல்வர் கையொப்பமிட்டார். உதவியாளரிடம் விளக்கம் கேட்கும் குறிப்பாணை அதற்குள் தட்டச்சாகி எண்ணும் இடப்பட்டிருந்தது. அது திரும்பப் பெறப்பட்டது. நான் அவரைத் தனியே சந்தித்து, கணக்கில் தவறு என்னுடையது என்று சொன்னேன். “எண்ணு போட்ட தாளுங்க சார். ரத்துன்னு மேல எழுதி ஒரு நகல் கொடுத்திருங்க” என்றார். கொடுத்தோம். முதல் நாளே ஏன் கணக்கைத் திரும்பப் பார்க்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் தகுந்த விடை இருந்திருக்காது.

மாற்றியவை

மே மாதம் இரண்டாம் தவணையாக ஆல்கஹால் வந்தபோது, முதலில் டிரம்களுக்குக் குறி போட்டோம். ஒரு லிட்டர் திட்டக் குடுவையால் இருபது முறை நீர் ஊற்றி, அளவுகோலில் உயரத்தைப் பார்த்து, 20 லிட்டர் மட்டத்தில் உட்சுவரில் மெல்லிய கீறல் இட்டோம். மாலையில் நீர் சேர்ப்பதைச் சற்றுக் குறைவாகவே நிறுத்திவிட்டு, இரவில் ஆறவிட்டு, காலையில் கீறல் வரை நிரப்பினோம். டிரம் ஒன்று 2.7 லிட்டரை ஒட்டிய நீரை வாங்கிக்கொண்டது. கரும்பலகையில் நான் எழுதிய 2.21-ஐவிட அரை லிட்டர் கூடுதல். ஒவ்வொரு டிரம்மிலும் 199 பாட்டில்கள் கிடைத்தன.

கணக்குத் தாளின் வடிவத்தையும் மாற்றினோம். நீருக்கான கட்டத்தில் இப்போது எண் இல்லை. ‘குறி வரை’ என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அடர்த்தி அட்டவணைப்படி எதிர்பார்க்கும் நீரின் எடை, கலந்த நேரத்து வெப்பநிலை, நிரப்பிய நேரத்து வெப்பநிலை ஆகியவற்றுக்கு மூன்று கட்டங்கள். புதிய கலவை எதுவானாலும் முதலில் ஒரு லிட்டர் சாடியில் செய்து பார்த்து, அதன்பிறகே பாட்டில் எண்ணிக்கையை வெளியாருக்கு எழுதித் தருகிறோம். கணக்கைப் போட்டவரைத் தவிர்த்து இன்னொருவர் அதை எடை வழியாகச் சரிபார்க்காமல் கையிருப்புக் குறைவு என்ற சொல்லைப் பதிவேட்டில் எழுதக்கூடாது என்றும் துறைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறோம். உதவியாளர் மட்டும் தம் முறையை மாற்றவில்லை. இப்போதும் மாலையில் ஒன்று, காலையில் ஒன்று என்று உயரத்தை அளந்து அதே சிறு நோட்டில் குறிக்கிறார், பக்கத்தில் வெப்பநிலையையும் சேர்த்து.